குவேக் எஞ்சின், 1996: அதில் இன்றும் உயிரோடு இருப்பது எது?

கணுமரம்:

ஐடி சாஃப்ட்வேர் 1996 ஜூன் 22 அன்று குவேக் என்ற முப்பரிமாணச் சுடும் விளையாட்டை வெளியிட்டது. அதை இயக்கும் அடிப்படை நிரலான எஞ்சினின் மூலநிரலை நான்கு மாதமாக, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, படித்து வருகிறேன். திரையில் வரையும் பகுதியை நேற்று முடித்தேன். தொடங்கும்போது மனதில் இருந்தது 'இதை எப்படிச் செய்தார்கள்' என்ற கேள்வி. இப்போது வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. இவ்வளவில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது எது? என் பதிலை வைக்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அதே நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு விளையாட்டான டூமில் உலகம் என்பது மேலிருந்து பார்த்த தட்டை வரைபடம்தான். ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம் ஒன்று, கூரை உயரம் ஒன்று. ஓர் அறையின் தலைமேல் இன்னோர் அறையை வைக்க வழியில்லை. குவேக்கில் அந்தத் தடை போய்விட்டது. பாலம், பாலத்துக்குக் கீழே தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு சுரங்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சுவரைப் பார்த்து நிற்கிறீர்கள். அதற்குப் பின்னால் பத்து அறைகள் இருக்கின்றன. பத்தையும் வரைந்துவிட்டு அதன் மேல் சுவரை வரைந்தால் அன்றைய பென்டியம் செயலி தாங்காது. உலகை மரக்கிளைபோல் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும் பிஎஸ்பி மரம் எது முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்தித் தரும். எது கண்ணுக்கே படாது என்று அதற்குத் தெரியாது.

எஞ்சினின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் இதற்குப் பல வழிகளை முயன்று கைவிட்டார் என்று கூடவே வேலை பார்த்த மைக்கேல் அப்ராஷ் எழுதியிருக்கிறார். கடைசியில் நின்ற வழி, விளையாட்டு ஓடும்போது இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம் என்பது. மேப்பை, அதாவது ஆடும் களத்தை, கட்டி முடித்ததும் 'விஸ்' என்ற தனி நிரலை ஓட்டுவார்கள். மரத்தின் ஒவ்வொரு இலையிலிருந்தும், அதாவது உலகின் ஒவ்வொரு சிறு துண்டு வெளியிலிருந்தும், வேறு எந்தெந்த இலைகள் தெரிய வாய்ப்பு உண்டு என்று அது பொறுமையாகக் கணக்கிடும். தெரியலாம் என்றால் 1, தெரியவே தெரியாது என்றால் 0. ஓர் இலைக்கு ஒரு பிட். தொடர்ந்து வரும் பூஜ்யங்களைச் சுருக்கிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். ஓடும்போது எஞ்சினுக்கு மிச்சமிருக்கும் வேலை, நாம் எந்த இலையில் நிற்கிறோம் என்று பார்த்து அந்தப் பட்டியலை விரிப்பதுதான்.

வெளிச்சமும் அப்படித்தான். 'லைட்' என்ற நிரல் சுவர்களில் 16 டெக்செல்லுக்கு, அதாவது சுவரில் ஒட்டும் படத்தின் 16 புள்ளிக்கு, ஓரிடம் வீதம் வெளிச்சத்தை அளந்து எழுதிவைத்துவிடும்.

என்னை எழுந்து உட்கார வைத்தது மோதல் கணக்கு. 32 அகலம், 32 ஆழம், 56 உயரம் கொண்ட ஒரு பெட்டிதான் ஆட்டக்காரர். பெட்டி சுவரில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு கணமும் பார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே பெட்டியை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட்டு, அதே அளவுக்குச் சுவர்களைத் தடிமனாக்கி இன்னொரு மரத்தை முன்பே செய்துவைத்துவிட்டார்கள். பெரிய உருவங்களுக்கு 64, 64, 88 அளவில் மூன்றாவது ஒன்று. அவ்வளவே. எத்தனை வகை அரக்கர்கள் வந்தாலும் உலகத்தோடு மோதும்போது இந்த அளவுகளில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும்.

முன்பே செய்யக்கூடியதை முன்பே செய்து வைப்பது. குவேக் விட்டுச்சென்றது அந்தப் பழக்கம்தான் என்பது என் கட்சி.

பழந்திரை:

நல்ல தொடக்கம் நண்பரே. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முன்பே செய்ய முடியாத மிச்சத்தை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் என் மனம் இருக்கிறது.

சாய்ந்து போகும் சுவரில் டெக்ஸ்ச்சர், அதாவது அதன் மேல் ஒட்டும் படம், சரியாக விழ வேண்டுமென்றால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் வேண்டும். வகுத்தல் என்பது செயலிக்கு மிக மெதுவான வேலைகளில் ஒன்று. அப்ராஷ் செயலியின் சொந்த மொழியான அசெம்பிளியில் எழுதிய நிரல் 16 புள்ளிக்கு ஒருமுறைதான் வகுக்கிறது. இடையில் இருப்பதை நேர்கோட்டில் நிரப்பிக்கொண்டு போகிறது. அதோடு விடவில்லை. பென்டியத்தில் மிதவைப்புள்ளிப் பகுதி (தசம எண்களைக் கணக்கிடுவது) ஒரு வகுத்தலில் இறங்கியிருக்கும்போதே முழுவெண் பகுதி வேறு வேலை பார்க்கலாம். ஆக, அடுத்த 16 புள்ளிக்கான வகுத்தல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் முந்தைய 16 புள்ளிகள் திரைக்கு வந்துகொண்டிருக்கும். வகுத்தல் ஏறக்குறைய இலவசமாகிவிட்டது.

இதன் மறுபக்கத்தை நான் சொந்தமாக அனுபவித்தேன். அன்று என் மேசையில் இருந்தது பென்டியம் இல்லை, அதே விலைக்கு அதிக வேகம் என்று சொல்லி விற்கப்பட்ட வேறொரு சில்லு. அலுவலக நிரல்களில் உண்மையிலேயே வேகமாக இருந்தது. குவேக்கைப் போட்டதும் படம் படமாக நின்று நின்று வந்தது. சில்லு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அதன் மிதவைப்புள்ளிப் பகுதி மெதுவானது, எஞ்சின் முழுக்க அதையே நம்பி எழுதப்பட்டது என்பது பல ஆண்டுகள் கழித்து இந்த நிரலைப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு விளையாட்டுக்காக மக்கள் செயலியைப் பார்த்து வாங்கத் தொடங்கியதை நான் முதலில் கண்டது அப்போதுதான்.

இன்னொன்று. உலகத்தை வரையும்போது ஒரு புள்ளியைக்கூட இருமுறை தொடுவதில்லை. விளிம்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கிடைவரியிலும் எந்தப் பரப்பு எங்கிருந்து எங்குவரை என்று தீர்மானித்த பிறகே வண்ணம் பூசுகிறது. அப்போதே ஆழத்தையும் எழுதிக்கொண்டு போகிறது. அரக்கர்களை வரையும்போதுதான் அந்த ஆழத்தோடு ஒப்பிடுகிறது. ஒரே எஞ்சினுக்குள் இரண்டு வேறுவேறு முறைகள், தத்தம் இடத்தில் சரியாக.

ராக்கெட்தாவல்:

நீங்க ரெண்டு பேரும் கண்ணால பாக்குறதையே பேசுறீங்க. நான் விரலுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

குவேக்ல காத்துல இருக்கும்போது எஞ்சின் ஒரு கணக்குப் போடும். நீங்க அழுத்துற திசையில மட்டும் உங்க வேகம் எவ்வளவுன்னு பாக்கும். அது 30க்குக் கீழ இருந்தா வேகத்தைக் கூட்டும். உங்க மொத்த வேகத்தை அது பாக்கவே பாக்காது. அதனால பக்கவாட்டு விசையைப் பிடிச்சுக்கிட்டு மவுஸையும் அதே பக்கமா மெல்ல திருப்பினா, போற திசைக்குக் கிட்டத்தட்ட செங்குத்தா வேகம் சேர்ந்துக்கிட்டே வரும். தரையைத் தொட்ட உடனே மறுபடி தாவிட்டா உராய்வு பிடிக்காது. ஓட்டத்துக்கு உச்ச வேகம் 320ன்னு வச்சிருந்தாங்க. அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிடலாம்.

யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவந்தது இல்ல இது. ஆனா இதைப் பழகறதுக்கு நான் ஒரு காலி மேப்ல மாசக்கணக்கா தாவியிருக்கேன். வால்வ்ங்கிற கம்பெனி குவேக் எஞ்சினை உரிமம் வாங்கித்தான் ஹாஃப்-லைஃப் செஞ்சாங்க, 1998ல. அது மேல கவுண்டர்-ஸ்ட்ரைக் வந்துச்சு. அப்புறம் சோர்ஸ் எஞ்சின். அதை மாத்தி எழுதித்தான் டைட்டன்ஃபால், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ். எல்லாத்துலயும் இந்தக் காத்துக் கணக்கோட வாசனை இருக்கு. படம் வரையுற நிரல் முழுக்க மாறிடுச்சு, நடை மாறல.

கூடவே அந்தத் தலைகீழ் வர்க்கமூலத் தந்திரம், ஒண்ணை ஒரு எண்ணோட வர்க்கமூலத்தால வகுக்கிறதை வேகமா போடுறது. அதுவும் குவேக்ல இருந்து வந்ததுதானே? அதைவிடப் பெரிய சொத்து என்ன வேணும்?

கணுமரம்:

நடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் யோசிக்காத பக்கம் அது.

வர்க்கமூலம் மட்டும் தவறு. அந்தத் தந்திரம் இருப்பது 1999இல் வந்த குவேக் 3இல். அதன் மூலநிரல் 2005இல் வெளியானபோதுதான் உலகம் முழுக்கப் பேச்சானது. அதைக் கார்மாக் கண்டுபிடித்ததாகச் சொல்வதும் சரியல்ல, வேர் 1980களில் இருக்கிறது. நாம் பேசும் முதல் குவேக்கில் சாதாரண வர்க்கமூலச் சார்புதான். உருவங்களுக்கு நிழல் தீட்ட வேண்டிய இடத்தில் 162 திசைகளை முன்பே ஓர் அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு முனைக்கும் அதிலிருந்து ஓர் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் என் கட்சிக்கே வந்துவிட்டது பாருங்கள்.

ராக்கெட்தாவல்:

சரி, திருத்திக்கிறேன். இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டு இருந்தேன். நன்றி.

சுவடி:

நீங்கள் மூவரும் நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று பேசுகிறீர்கள். உங்களால் அப்படிப் பேச முடிவது எதனால்?

1999 டிசம்பர் 21 அன்று குவேக்கின் மூலநிரல், யாரும் படித்து, மாற்றி, பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் டூமின் நிரல், அப்போது வேறு உரிமத்தில். கணுமரம் இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தது அந்த ஒரு முடிவால்தான். அதே காலத்தில் வந்த எத்தனையோ எஞ்சின்கள் இருந்தன. சில இதைவிட அழகானவை. அவற்றில் பெரும்பாலானவை இன்று எங்கே என்று கேட்டால் ஏதோ ஒரு பழைய வட்டில் பூட்டிக் கிடக்கும். பழகிய இயங்குதளம் போனதும் அவையும் போயின. குவேக் மட்டும் குவேக்ஸ்பாஸம், டார்க்பிளேசஸ், விகேகுவேக், அயர்ன்வெய்ல் என்று யார் யார் கையிலோ மறுபடி மறுபடி எழுதப்பட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு கணினியிலும் ஓடுகிறது.

உள்ளே நுழையும் கதவு அதற்கும் முன்பே திறந்திருந்தது. ஆயுதம் எப்படிச் சுட வேண்டும், அரக்கன் எப்படித் துரத்த வேண்டும் என்பதெல்லாம் எஞ்சினுக்குள் இல்லை. குவேக்-சி என்ற தனி மொழியில் எழுதி, தொகுத்து, வேறு கோப்பாக வைத்திருந்தார்கள். அந்த நிரலையும் கம்பைலரையும் 1996லேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் முதலில் அப்படிப் பிறந்த மாட்தான், அதாவது ரசிகர்கள் விளையாட்டை மாற்றிச் செய்த வடிவம். அதைச் செய்தவர்கள் பிறகு வால்வுக்கே போனார்கள். எஞ்சின் வேறு, விளையாட்டு வேறு என்ற பிரிப்பு இன்று பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பிரிப்பை வெளியாள் கையிலும் கொடுத்துப் பார்த்ததில் குவேக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நிரல் வெளியானதும் இணைய ஆட்டங்களில் ஏமாற்றும் கிளையண்டுகள் பெருகின. குறி தானாக வைக்கும், சுவர் ஊடாகப் பார்க்கும். நேர்மையாக ஆடிய பலர் மனம் வெறுத்துப் போனார்கள். அது உண்மையான இழப்பு. அப்படியிருந்தும் வெளியிட்டதுதான் சரி என்பேன்.

இடைவெளி:

பெரியவங்க பேச்சுல குறுக்க வர்றேன், மன்னிக்கணும். இந்த இழையைப் படிச்சுட்டுதான் டிரெஞ்ச்புரூம்ங்கிற மேப் எடிட்டரை இறக்கி என் முதல் மேப்பைக் கட்டினேன். ரெண்டு அறை, நடுவுல ஒரு வழி, ஒரு பக்கம் தண்ணி ஓடுற கால்வாய். கம்பைல் பண்ணினா 'லீக்' இருக்குன்னு சொல்லுது, விஸ் ஓடவே மாட்டேங்குது. மேப்பை எத்தனையோ தடவை சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், ஓட்டை எதுவும் தெரியல. இந்த ஓட்டையைப் பத்தி எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு கவலை?

கணுமரம்:

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, இதுதான் விஷயத்தின் மையம்.

குவேக்கில் உலகம் தொடக்கத்தில் வெறும் வெளி. அதற்குள் நீ சுவர்களை வைக்கிறாய். எந்த வெளி உள்ளே, எந்த வெளி வெளியே என்று கம்பைலருக்குத் தானாகத் தெரியாது. நீ வைத்த விளக்கு, ஆட்டக்காரர் தொடங்கும் இடம் போன்ற ஒரு பொருளிலிருந்து கிளம்பி, தண்ணீர் பரவுவதுபோல் பரவிப் பார்க்கும். பரவல் எங்கே எட்டவில்லையோ அது வெளிப்புறம். அங்கே பார்த்திருக்கும் சுவர் முகங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிடும். எங்காவது ஒரு முடியளவு இடுக்கு இருந்தாலும் பரவல் வெளியே ஒழுகிவிடும். அப்போது உள்ளே என்று சொல்ல எதுவும் இல்லை. வெளிப்புறச் சுவர்முகங்கள் எல்லாம் கணக்கில் சேரும், விஸ்ஸுக்குத் தேவையான கோப்பும் உருவாகாது.

கண்ணால் தேடாதே. லீக் வந்தால் கம்பைலர் ஒரு புள்ளிக்கோப்பை எழுதி வைத்திருக்கும். அதை டிரெஞ்ச்புரூமில் ஏற்று. பொருளிலிருந்து வெளியுலகம் வரை ஒரு கோடு வரும். அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போ. எங்கே அது மேப்பை விட்டு வெளியேறுகிறதோ அதுதான் ஓட்டை.

மறுபக்கம்:

இங்கேதான் நான் குவேக்கின் போட்டி எஞ்சினான அன்ரியல் பக்கம் நிற்கிறேன். 1998இல் வந்த அன்ரியலில் இது தலைகீழ். உலகம் முழுக்கக் கெட்டியான பாறை. நீங்கள் அதைக் குடைந்து அறை செய்கிறீர்கள். குடையாத இடம் பாறையாகவே இருப்பதால் ஒழுகல் என்ற பேச்சே இல்லை. டிம் ஸ்வீனி எஞ்சினோடு சேர்த்தே எடிட்டரையும் எழுதினார். விளக்கை நகர்த்தினால் அங்கேயே வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்கலாம். குவேக்கில் மேப்பைக் கட்டி, மூன்று நிரல்களை வரிசையாக ஓட்டி, காத்திருந்து, விளையாட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்று உலகம் முழுக்க விளையாட்டு செய்யக் கற்பவர்கள் பலர் கையில் இருப்பது அன்ரியலின் வம்சம். கருவி என்பது கலைஞனுக்காக என்று முதலில் நினைத்த எஞ்சின் அது. மரபு என்று கேட்டால் அதையும் சொல்லியாக வேண்டும்.

சுவடி:

எடிட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இன்றைய அன்ரியலைத் திறந்து அதில் 1998இன் நிரலைத் தேடினால் எவ்வளவு கிடைக்கும்? குவேக்கின் வம்சம் வேறு மாதிரி. 2003இல் வந்த முதல் கால் ஆஃப் டியூட்டி குவேக் 3 எஞ்சின் மேல் கட்டியது. அந்தத் தொடரின் எஞ்சின் அதிலிருந்துதான் வளர்ந்தது.

இணைய ஆட்டத்தையும் யாரும் இன்னும் தொடவில்லை. முதலில் வந்த குவேக்கில் நீங்கள் விசையை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் உருவம் நகரும். 200 மில்லிநொடிக்குக் குறைந்த தாமதத்தை மனதில் வைத்து வடிவமைத்ததாகவும், மோடத்தில் வரும் பெரும்பாலானோருக்கு அது பொருந்தவில்லை என்றும் கார்மாக் 1996 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார். தன் அடிப்படை ஊகமே தவறு என்று ஒத்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் குவேக்வேர்ல்ட் வந்துவிட்டது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கணினியே உங்கள் அசைவை ஊகித்துக் காட்டும். சர்வர் வேறு சொன்னால் திருத்திக்கொள்ளும். இன்று நாம் ஆடும் வேகமான இணையச் சுடுகள விளையாட்டு எதுவும் இந்த ஊகம் இல்லாமல் நடக்காது.

பழந்திரை:

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன்.

1997 ஜனவரியில் ஜிஎல்குவேக் வந்தது, செயலிக்குப் பதில் முப்பரிமாண அட்டை வரையும் வடிவம். வூடூ அட்டை வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பழையதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேகம், தெளிவு, ஊடுருவித் தெரியும் தண்ணீர். ஆனால் அதில் என்னென்ன தொலைந்தன தெரியுமா? செயலியே வரையும் பழைய மென்பொருள் முறையில் ஒரு சுவர் அதன் டெக்ஸ்ச்சரைவிட இரண்டு மடங்கு வரை பிரகாசமாகலாம். ஜிஎல்குவேக்கில் அந்த மேல்பாதி வெட்டுப்பட்டுவிட்டது; விளக்கடியில் நிற்கும் சுவர் மங்கிப்போனது. 256 நிறத் தட்டில் கடைசி 32 நிறங்கள் இருட்டிலும் தாமாக ஒளிரும், அதுவும் போனது. தண்ணீருக்குள் மூழ்கினால் திரையே அலை அலையாக நெளியுமே, அதுவும் இல்லை. டெக்ஸ்ச்சர்கள் மழமழவென்று குழைந்து, அந்தக் கல்லின் சொரசொரப்பு மறைந்தது.

பலருக்கும் குவேக் என்றால் நினைவுக்கு வருவது அந்த மங்கிய வடிவம்தான். வரைந்தவர்கள் நினைத்த வெளிச்சம் வேறு. இன்றைய நல்ல போர்ட்டுகள் (புதுக் கணினிகளுக்கு மாற்றி எழுதிய வடிவங்கள்) இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. புதிதாக ஆடுபவர்கள் தயவுசெய்து டெக்ஸ்ச்சர் மழுப்பலை அணைத்துவிட்டு ஒருமுறையாவது ஆடிப் பாருங்கள்.

ராக்கெட்தாவல்:

வெளிச்சம்னதும் ஞாபகம் வருது. மினுக்குற விளக்கு குவேக்ல எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் சொல்லலையே. வெறும் எழுத்து வரிசை! 'ஏ'ன்னா முழு இருட்டு, 'எம்'ன்னா சாதாரண வெளிச்சம், 'இசட்'ன்னா ரெண்டு மடங்கு. நொடிக்குப் பத்து எழுத்து ஓடும். கெட்டுப்போன குழல்விளக்குக்கு 'எம்'மும் 'ஏ'வும் மாறி மாறி வர்ற ஒரு வரிசை எழுதி வச்சிருப்பாங்க. அதே துடிப்பு ஹாஃப்-லைஃப்ல இருக்கு. 2020ல வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்ல, தலையில மாட்டிக்கிற கண்ணாடிக்குள்ள, மறுபடியும் அதே துடிப்பு. 24 வருஷம். எஞ்சின்ல எல்லாமே மாறிடுச்சு, ஒரு விளக்கு மட்டும் அதே தாளத்துல மினுக்கிக்கிட்டு இருக்கு. அதைப் பாத்த அன்னிக்கு எனக்குப் பேச்சு வரல.

கணுமரம்:

இதைப் படித்துவிட்டு குவேக்-சி நிரலின் 'வேர்ல்ட்' கோப்பைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்தேன். வாய்விட்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். நன்றி.

இடைவெளி:

கிடைச்சுடுச்சு! கோட்டுமேலயே போனேன். கால்வாய் முடியுற இடத்துல கூரைத் துண்டு 8 அலகு குட்டையா இருந்துச்சு, தண்ணி மறைச்சதால தெரியல. நீட்டினேன். விஸ் முழுசா ஓடிருச்சு. எல்லாத்தையும் கோடுகளா மட்டும் காட்டுற கம்பிச்சட்டக் காட்சியைப் போட்டுக்கிட்டு வழியில முன்னும் பின்னும் நடந்து பாத்தேன். ஒரு இடம் தாண்டினதும் ரெண்டாவது அறை மொத்தமா வரையாம நின்னுடுது. ஒரு அடி முன்ன வச்சா திரும்ப வருது. இதையே அரை மணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு சந்தேகம். ரெண்டாவது அறைக்குப் பின்னால கதவு வச்சு மூணாவது ஒண்ணு கட்டினேன். கதவு மூடியே இருக்கு, ஆனா அந்தப் பக்கத்து அறையையும் எஞ்சின் வரையுது. ஏன்?

கணுமரம்:

கதவு அசையும் பொருள். விஸ் ஓடும்போது அசையும் எதையும் கணக்கில் எடுக்காது. கதவு என்றைக்கும் திறந்தே கிடப்பதாகத்தான் அதற்கு. அசையாத சுவர் மட்டுமே அதன் கண்ணை மறைக்கும். கதவைத் தாண்டியதும் வழியை நேராக விடாமல் ஒரு முறை இடப்பக்கம், உடனே ஒரு முறை வலப்பக்கம் திருப்பு. கதவில் நின்று பார்த்தால் அறை தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும். குவேக்கின் பழைய மேப்புகளில் வழிகள் ஏன் அடிக்கடி முறுக்கிக்கொண்டு போகின்றன என்று பார்த்தால் பல இடங்களில் காரணம் இதுதான்.

திருப்பிவிட்டு மறுபடி கம்பைல் செய். மேப் கோப்பை இங்கே ஏற்று, நானும் நடந்து பார்க்கிறேன்.

இடைவெளி:

திருப்பிட்டேன் அண்ணா. இப்ப வரையல. கோப்பு ஏத்தியிருக்கேன். விளக்கு ஒண்ணே ஒண்ணு, கால்வாய் ஓரத்துல. குழல்விளக்குத் துடிப்பு வச்சிருக்கேன்.